லேப் சுவருக்கு ஹீமோகுளோபின்: ரிப்பனா, உருண்டையா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | ஞாயிறு மாலை

வணக்கம். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் எட்டு முதல் பத்து வரை உயிரியல் எடுக்கிறேன். லேப் சுவரில் ஒட்ட ஹீமோகுளோபின் படம் ஒன்று வேண்டும், ஏ2 அளவிலாவது. பி.டி.ஏ. பணம் தருகிறது. ஒரு தடவைதான் தரும், அதனால் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

கடையில் விற்கும் சார்ட்டுகளைப் பார்த்தாகிவிட்டது. நாலு நிறத்தில் சுருள் ரிப்பன், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு தகடு, அவ்வளவுதான். "இதில அணு எங்க டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது? சரி, உருண்டை உருண்டையாக அணுக்களை அடுக்கிய படத்தை எடுக்கலாம் என்றால் அதில் அணுவைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. எது சரி?

பள்ளியில் இருப்பது கேரள அரசின் கைட் நிறுவனம் தரும் லினக்ஸ் போட்ட மடிக்கணினிகள், ஒரு புரொஜெக்டர். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லை. படத்தில் பெயர்கள் தமிழில் இருக்க வேண்டும், ஏனென்றால் பிளஸ் ஒன் போனதும் பிள்ளைகளுக்கு எல்லாம் ஆங்கிலமாகிவிடும். அதற்கு முன் ஒரு தடவையாவது தங்கள் மொழியில் ஒரு புரதத்தைப் பார்க்கட்டும்.

புத்தூர்ப் புரதம் | ஞாயிறு இரவு

டீச்சர், நான் புத்தூர் பக்கம், ஆந்திராவில். புரதக் கட்டமைப்பில் பிஎச்.டி. செய்கிறேன். ரிப்பனா உருண்டையா என்பது இரண்டாவது கேள்வி. அந்தப் படத்தைக் காட்டிப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லப் போகிறீர்கள் என்பது முதலில் தெரிய வேண்டும்.

ரிப்பன் படம் ஒரு பஸ் ரூட் மேப். அமினோ அமிலச் சங்கிலி எங்கே தொடங்கி, எங்கே வளைந்து, எங்கே முடிகிறது என்று காட்டும், வழியிலிருக்கும் வீடுகளைக் காட்டாது. 1981ல் ஜேன் ரிச்சர்ட்சன் அப்போது தெரிந்திருந்த புரதங்களையெல்லாம் ஒரே பாணியில் கையால் வரைந்து வெளியிட்டார். சுருளுக்குச் சுருள் பட்டை, சங்கிலி நீண்டு பக்கம் பக்கமாக அடுக்கும் தகட்டுக்கு அம்புக்குறி என்ற வழக்கம் நிலைத்தது அதிலிருந்துதான். இன்று எந்த மென்பொருளைத் திறந்தாலும் முதலில் வருவது அவர் கைவண்ணத்தின் கணினி வடிவம். அம்பு, பட்டை என்று எதுவும் மூலக்கூறில் கிடையாது. அணுக்களில் பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டுச் சங்கிலியின் முதுகெலும்பை மட்டும் வழுவழுப்பாக வரைந்தது அது.

உருண்டைப் படம் நேர் எதிர். ஒவ்வொரு அணுவும் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று காட்டும். கார்பன் 1.7 ஆங்ஸ்ட்ராம் (ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்குதான் ஒரு ஆங்ஸ்ட்ராம்) ஆரம், ஆக்ஸிஜன் 1.52. புரதம் எவ்வளவு நெருக்கமாக அடைபட்டது என்பது அப்போதுதான் புரியும். ஆனால் ஆக்ஸிஜனைப் பிடிக்கும் ஹீம் தகடுகள் நான்கும் உள்ளே போய் மறைந்துவிடும், விளிம்பு மட்டும் எட்டிப் பார்க்கும். ஆக்ஸிஜன் எங்கே உட்காருகிறது என்று சொல்ல வேண்டுமென்றால் அந்தப் படம் உதவாது.

மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. பி.டி.பி. தளத்தில், அதாவது புரதக் கட்டமைப்புகளின் பொதுக் கிடங்கில், மோல்ஸ்டார் என்ற கருவி உலாவியிலேயே ஓடும். எதையும் நிறுவ வேண்டாம், போனிலும் திறக்கும். கைட் லினக்ஸில் நிறுவலாம் என்றால் பைமால் என்ற மென்பொருளின் திறந்த மூலப் பதிப்பு இருக்கிறது. அச்சுக்குத் தரமான படம் வேண்டுமென்றால் நான் சொல்வது கைமெராஎக்ஸ். கல்விக்கு இலவசம். வெளிக்கோடும் மென்மையான நிழலும் ஒரு சொடுக்கில் கிடைக்கும்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | ஞாயிறு இரவு

மோல்ஸ்டார் திறந்தேன், போனிலேயே சுற்றுகிறது! ஆனால் ஒரு குழப்பம். ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் என்று தேடி 1எச்எச்ஓ என்ற கோப்பை எடுத்தேன். அதில் இரண்டு சங்கிலிதான் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் நான்கு. கோப்பு பாதியிலேயே நின்றுவிட்டதா?

புத்தூர்ப் புரதம் | ஞாயிறு இரவு

முழுதாகத்தான் இறங்கியிருக்கிறது. இதைப் பல ஆய்வு மாணவர்களே கவனிப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எக்ஸ்-கதிர் முறையில் புரதத்தைப் படிகமாக்கித்தான் பார்க்கிறார்கள். படிகம் என்றால் ஒரே அலகு திரும்பத் திரும்ப அடுக்கியது. திரும்ப வராத மிகச் சிறிய பகுதியை மட்டும் கோப்பில் எழுதி வைத்தால் போதும், மீதியைச் சமச்சீர்மைக் கணக்கால் உண்டாக்கிக் கொள்ளலாம். 1எச்எச்ஓவின் படிகத்தில் ஹீமோகுளோபினின் ஒரு பாதி மறுபாதியின் சுழற்சிப் பிரதி. அதனால் ஒரு ஆல்ஃபா சங்கிலி, ஒரு பீட்டா சங்கிலி மட்டும் எழுதியிருக்கிறார்கள். மோல்ஸ்டாரில் 'உயிரியல் தொகுப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் நான்கும் வந்துவிடும்.

மாறாக 4எச்எச்பியை எடுங்கள். ஆக்ஸிஜன் இல்லாத மனித ஹீமோகுளோபின், 1984ல் மாக்ஸ் பெருட்ஸ் குழு 1.74 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளியிட்டது. அதில் நான்கு சங்கிலியும் நேராகவே இருக்கும். ஏ, சி இரண்டும் ஆல்ஃபா, தலா 141 அமினோ அமிலம். பி, டி இரண்டும் பீட்டா, தலா 146. மொத்தம் 574.

இரண்டு கோப்புகளையும் மாற்றி மாற்றிக் காட்டினால் ஆக்ஸிஜன் ஏறும்போது ஒரு பாதி மறுபாதியைப் பார்த்து ஏறத்தாழ 15 பாகை திரும்புவது தெரியும். அது புரொஜெக்டருக்கு நல்லது, சுவருக்கு ஆகாது.

சித்தூர் ஓய்வு கெமிஸ்ட்ரி | திங்கள் காலை

எல்லோரும் கணினியிலேயே ஆரம்பிக்கிறீர்கள். நான் கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் எடுத்தவன். கையில் பிடித்துத் திருப்பிப் பார்க்காத மூலக்கூறு மாணவன் மனத்தில் நிற்காது என்பது என் கட்சி.

வரலாறும் அப்படித்தான் போகிறது. 1865ல் லண்டனில் ஹோஃப்மான் குரோக்கே பந்துகளில் குச்சி செருகி மூலக்கூறு காட்டினார். கார்பன் கறுப்பு, ஹைட்ரஜன் வெள்ளை, நைட்ரஜன் நீலம், ஆக்ஸிஜன் சிவப்பு, குளோரின் பச்சை. நாம் இன்றும் அந்த நிறங்களைத்தான் போடுகிறோம். அவருடைய மீத்தேன் தட்டையாக இருந்தது, நான்முகி வடிவம் 1874ல்தான் வான்ட் ஹாஃப் சொல்லி வந்தது. வடிவத்தில் தட்டை, ஆனாலும் நிறம் நூற்றைம்பது வருஷம் தாண்டிவிட்டது!

நம் ஊர்க் கதை ஒன்றும் உண்டு. எர்ணாகுளத்தில் 1922ல் பிறந்த ஜி.என். ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954ல் கொலாஜன் என்ற புரதத்தின் மூன்று இழைக் கட்டமைப்பைச் சொன்னார். மாதிரி அமைத்து, கையால் வளைத்து, எக்ஸ்-கதிர் படத்தோடு ஒப்பிட்டுக் கண்டது அது. அணுக்கள் இவ்வளவு நெருங்க முடியாது என்று கேம்பிரிட்ஜிலிருந்து ஆட்சேபம் வந்தது. அப்படியானால் எவ்வளவு நெருங்கலாம் என்று அவர் முறையாகக் கணக்கிடப் போனார். 1963ல் ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு வெளியிட்ட அந்த வரைபடம் இன்றும் ஒவ்வொரு புதிய புரதக் கட்டமைப்பையும் சோதிக்கும் தேர்வுத்தாள். ஒரு பாலக்காட்டுப் பள்ளியின் லேப் சுவரில் ஹீமோகுளோபின் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம் கொடுக்கலாம், டீச்சர்.

புத்தூர்ப் புரதம் | திங்கள் மதியம்

சார், கை மாதிரியை நான் எதிர்க்கவில்லை. மீத்தேனுக்கும் குளுக்கோஸுக்கும் அதுதான் சிறந்தது. ஹைட்ரஜனை விட்டாலும் நாலாயிரத்துக்கும் மேல் அணு உள்ள மூலக்கூறைக் குச்சியும் பந்துமாகச் செய்து பிள்ளை கையில் கொடுக்க முடியாது. கென்ட்ரூ மயோகுளோபின் என்ற தசைப் புரதத்தை அணு அளவில் கட்டியபோது ஓர் அறை முழுக்கக் கம்பிக் காடு நின்றது. அதற்கு முன் 1958ல் தெளிவு குறைந்த தரவை வைத்துச் செய்ததோ வளைந்து நெளிந்த பிளாஸ்டிசின் குழாய். இரண்டும் ஒரே புரதம், ஒரே மனிதர் செய்தவை. எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவுதான் மாதிரியில் வந்தது. படத்துக்கும் அந்த நேர்மை வேண்டும் என்பதுதான் என் வாதம்.

ராமச்சந்திரன் வரைபடம் பத்தாம் வகுப்புச் சுவருக்கு? இரண்டு கோணங்களை அச்சாக வைத்த புள்ளிக் கூட்டம் அது. பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது, சார். மன்னிக்கவும், பெருமைக்காக ஒட்டலாமே தவிர.

சித்தூர் ஓய்வு கெமிஸ்ட்ரி | திங்கள் மதியம்

பெருமைக்கு ஒட்டினால் என்ன தம்பி? சுவரில் காந்தி படம் இருந்தால் எல்லோரும் சத்தியசோதனையைப் படித்துவிட்டா நிற்கிறார்கள்?

அகளி லேப் | திங்கள் இரவு

ஆதிவாசி ஊர்கள் நிறைந்த அட்டப்பாடியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். டீச்சர், உங்கள் பள்ளி விடுதியில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இருந்தால், ஹீமோகுளோபின் என்றதும் அவர்கள் கேட்கப் போவது சிவப்பணு அரிவாள் போல வளையும் அரிவாள் நோயைப் பற்றித்தான். ஊரில் ரத்தம் எடுத்துச் சோதித்திருப்பார்கள், கையில் அட்டை இருக்கும், வீட்டில் யாராவது வலியில் படுத்திருப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு உங்கள் படம் என்ன சொல்லும்?

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | திங்கள் இரவு

இருக்கிறார்கள். போன வருஷமே ஒரு பெண் கேட்டாள், "எனக்கு ஏஎஸ்னு எழுதியிருக்கு, அது படத்துல எங்க இருக்கு?" என்று. உண்மையில் இந்த வேலையை ஆரம்பித்ததே அந்தக் கேள்வியால்தான். புத்தூர் தம்பி முதலில் கேட்டதற்கு இதுதான் என் பதில். அந்தப் பெண்ணுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும்.

புத்தூர்ப் புரதம் | செவ்வாய் அதிகாலை

அப்படியென்றால் ரிப்பனை விட்டுவிடலாம் டீச்சர். ஏன் என்று சொல்கிறேன்.

அரிவாள் நோய் மூலக்கூறில் இருக்கும் நோய் என்று பாலிங் குழு 1949ல் சொன்னது. மாற்றம் எந்த அமினோ அமிலத்தில் என்று சில வருஷம் கழித்து இன்கிராம் கண்டுபிடித்தார். பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் இருக்க வேண்டும், அங்கே வேலின் வந்துவிட்டது. 146ல் ஒன்று. இப்போது சாதாரண ஹீமோகுளோபினையும் அரிவாள் ஹீமோகுளோபினையும் ரிப்பனில் வரைந்து பக்கத்தில் வையுங்கள். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது! முதுகெலும்பு அப்படியேதான் இருக்கிறது. மாறியது பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கொத்து, ரிப்பன் அதைத்தான் முதலில் வெட்டி எறிகிறது. பல பாடப்புத்தகங்களில் இப்படி இரண்டு ரிப்பன் படத்தைப் போட்டு ஒன்றின் மேல் சிவப்பு வட்டம் வரைந்திருப்பார்கள். அந்த வட்டத்துக்குள் எதுவும் இருக்காது.

இந்தக் கதைக்கு வேண்டியது மூலக்கூறின் வெளித்தோலைக் காட்டும் மேற்பரப்புப் படம். குளூட்டமிக் அமிலத்துக்கு எதிர் மின்னேற்றம், அது நீரோடு ஒட்டும். வேலினுக்கு மின்னேற்றம் இல்லை, எண்ணெய்த் தன்மை, நீரை விட்டு விலகப் பார்க்கும். ஆக்ஸிஜன் இறங்கிய நிலையில் இன்னொரு ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 85ஆம் ஃபீனைல்அலனினும் 88ஆம் லூசினும் சேர்ந்து ஒரு பள்ளத்தை உண்டாக்குகின்றன. வேலின் அதில் போய்ச் செருகிக்கொள்கிறது. ஒன்றோடொன்று இப்படி ஒட்டி ஒட்டி, 14 இழை முறுக்கிய கயிறாக வளர்ந்து, சிவப்பணுவையே இழுத்து வளைத்துவிடும். 2எச்பிஎஸ் என்ற கோப்பை எடுங்கள். அதில் இரண்டு முழு மூலக்கூறுகள் இருக்கும், செருகும் இடத்தைப் பார்க்கலாம்.

என் யோசனை இது. இரண்டு மூலக்கூறையும் மேற்பரப்பாக, மங்கிய நிறத்தில் வரையுங்கள். அந்த ஒரு வேலினை மட்டும் உருண்டைகளாகப் பளிச்சென்ற நிறத்தில். பள்ளத்தில் இருக்கும் இரண்டும் வேறு ஒரு நிறம். மற்றதெல்லாம் அமைதியாக இருக்கட்டும். ஹீம் தெரியாது, பரவாயில்லை. ஓரத்தில் சிறியதாக ஒரு ரிப்பன் படம் வைத்து அதில் நான்கு ஹீமையும் காட்டிவிடலாம்.

அகளி லேப் | செவ்வாய் காலை

இதை அச்சடித்தால் எனக்கும் ஒரு பிரதி வேண்டும். ஒரு வேண்டுகோள். படத்தின் மேல் "ஆதிவாசி நோய்" என்ற மாதிரி எதுவும் எழுதாதீர்கள். மலேரியா இருந்த இடங்களிலெல்லாம் இந்த மரபணு நிலைத்திருக்கிறது, ஆப்பிரிக்கா, அரேபியா, மத்திய இந்தியா என்று. ஏஎஸ் என்றால் ஒரு பங்கு சாதாரணம், ஒரு பங்கு மாறியது. அவர்கள் நோயாளிகள் இல்லை, மலேரியாவின் கடுமையிலிருந்து ஓரளவு காப்பும் உண்டு. எஸ்எஸ் என்றால்தான் நோய். அந்தப் பெண் அட்டையைப் பிடித்துக்கொண்டு படத்தின் முன் நின்றால் இந்த வித்தியாசம் அவளுக்குத் தெரிய வேண்டும்.

குப்பம்காரன் | செவ்வாய் மதியம்

எதுக்கு இவ்வளவு கஷ்டம்? ஏஐகிட்ட தமிழிலேயே கேட்டேன், அரை நிமிஷத்துல அட்டகாசமான ஹீமோகுளோபின் படம் குடுத்துடுச்சு. இணைத்திருக்கேன் பாருங்க. பின்னாடி சிவப்பணு எல்லாம் பறக்குது. இல்லன்னா புரத வடிவத்தைக் கணிக்கிற ஆல்ஃபாஃபோல்டு இருக்கே, 2024 கெமிஸ்ட்ரி நோபல்ல பாதி அதுக்குத்தானே.

புத்தூர்ப் புரதம் | செவ்வாய் மாலை

அண்ணா, படம் அழகுதான். சங்கிலியை எண்ணிப் பாருங்கள், ஐந்து இருக்கிறது. ஒரு சுருள் வலப்பக்கம் முறுக்குகிறது, அடுத்தது இடப்பக்கம். புரதத்தின் ஆல்ஃபா சுருள்கள் வலப்பக்கம்தான் முறுக்கும். ஹீம் காற்றில் மிதக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் எங்கேயும் இல்லை. பின்னால் பறக்கும் சிவப்பணு ஹீமோகுளோபினில் பாதி உயரம்தான்! ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் இருக்கிறது. மற்ற இடத்தில் எப்படியோ, மூலக்கூறுப் படத்தில் ஒவ்வொரு அணுவுக்கும் அளந்த முகவரி உண்டு. அந்தக் கருவி கோப்பைத் திறக்கவே இல்லை, பழைய படங்களின் சாயலில் ஒன்றை வரைந்திருக்கிறது.

ஆல்ஃபாஃபோல்டு வேறு ரகம். அது உண்மையான கணிப்பு, நானே தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதன் கிடங்கில் பீட்டா குளோபினை, அதாவது பீட்டா சங்கிலியை, தேடினால் தனியாக ஒரு சங்கிலி வரும், ஹீம் இருக்காது. அப்புறம் அதன் நிறத்துக்கு வேறு அர்த்தம். கரும் நீலம் என்றால் கணிப்பில் 90க்கு மேல் நம்பிக்கை, ஆரஞ்சு என்றால் 50க்குக் கீழே. நிறம் அழகாக இருக்கிறது என்று அப்படியே சுவரொட்டியில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், கீழே விளக்கம் எதுவும் இல்லாமல். பார்ப்பவர் நீலச் சங்கிலி ஒரு பொருள், ஆரஞ்சு வேறு பொருள் என்றுதானே நினைப்பார்? 4எச்எச்பி போலச் சோதனையில் அளந்த கோப்பு கையில் இருக்கும்போது கணிப்பு எதற்கு?

குப்பம்காரன் | செவ்வாய் மாலை

சரிப்பா, ஐந்தாவது சங்கிலி போனஸ்னு நினைச்சேன் 😄

வேலந்தாவளம் டிசைன் | செவ்வாய் இரவு

அச்சுப் பக்கம் நான் சொல்கிறேன். செக்போஸ்ட் பக்கத்தில் ஃபிளெக்ஸ், ஸ்டிக்கர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அடிக்கிறோம்.

முதலில், ஃபிளெக்ஸ் வேண்டாம் டீச்சர். பளபளப்பில் ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பாதிப் படம் தெரியாது. மேட் வினைல் எடுத்து ஃபோம் ஷீட்டில் ஒட்டுங்கள். கறுப்புப் பின்னணி வேண்டவே வேண்டாம். கணினித் திரையில் பிரமாதமாக இருக்கும், அச்சில் மை ஊறி, விரல் பட்ட இடமெல்லாம் தெரியும். வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள்.

திரையில் தெரியும் மின்னும் நீலமும் பச்சையும் நாலு மை அச்சில் வராது, மங்கிவிடும். அதனால் ஆரம்பத்திலேயே மங்கிய நிறம் எடுத்தால் ஏமாற்றம் இருக்காது. சிவப்பையும் பச்சையையும் ஒன்றுக்கு எதிராக வைக்காதீர்கள். வகுப்பில் ஒரு பையனாவது அந்த இரண்டையும் பிரிக்க முடியாதவனாக இருப்பான். நீலத்துக்கு எதிராக ஆரஞ்சு வையுங்கள், எல்லோருக்கும் தெரியும்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | புதன் மாலை

நிறம் பற்றி எனக்கும் ஒன்று. ஆக்ஸிஜன் அணு எப்போதும் சிவப்பு, நைட்ரஜன் நீலம் என்று போடுகிறோமே, பிள்ளைகள் இதை நிஜமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ரத்தம் சிவப்பாக இருப்பது ஆக்ஸிஜன் சிவப்பு என்பதால்தான் என்று ஒருவன் பரீட்சையில் எழுதினான். அவனைக் குறை சொல்ல முடியுமா? நாங்கள் காட்டிய படம் அப்படித்தானே சொல்கிறது.

சித்தூர் ஓய்வு கெமிஸ்ட்ரி | புதன் மாலை

அருமையான பதில் எழுதியிருக்கிறான், முழு மதிப்பெண் கொடுங்கள்! ஒளியின் அலைநீளத்தைவிட அணு ஆயிரம் மடங்குக்கு மேல் சிறியது. தனி அணுவுக்கு வர்ணப் பூச்சு என்பதே பொருந்தாது. ரத்தத்தின் சிவப்பு ஹீம் என்ற முழு அமைப்பு ஒளியை உறிஞ்சும் விதத்தில் வருகிறது. படத்தின் கீழே ஒரு வரி போடுங்கள்: "நிறங்கள் அடையாளத்துக்கு மட்டும்."

புத்தூர்ப் புரதம் | புதன் இரவு

அந்த வரி கட்டாயம் வேண்டும். கூடவே ஓர் அளவுகோலும். ஏ2க்குப் பதில் ஏ1 எடுக்க முடிந்தால் அருமையான கணக்கு ஒன்று கிடைக்கும். ஹீமோகுளோபின் ஏறத்தாழ 64க்கு 55க்கு 50 ஆங்ஸ்ட்ராம். ஒரு ஆங்ஸ்ட்ராமை ஒரு சென்டிமீட்டராக வைத்தால், அதாவது 10 கோடி மடங்கு பெரிதாக்கினால், ஒரு மூலக்கூறு ஏ1 தாளில் சரியாக உட்காரும். அப்போது ஆக்ஸிஜன் மூலக்கூறு சுமார் நாலு சென்டிமீட்டர் நீளம், பிள்ளை கட்டைவிரலை வைத்துப் பார்க்கலாம். அதே அளவில் ஒரு சிவப்பணு வரைய முக்கால் கிலோமீட்டர் வேண்டும். பள்ளி வாசலில் ஆரம்பித்தால் எங்கே முடியும் என்று அவர்களையே நடந்து கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் இரண்டு மூலக்கூறு ஒட்டுவதைக் காட்ட வேண்டுமென்றால் இந்த அளவில் இரண்டும் முழுதாகக் கொள்ளாது. ஒட்டும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டலாம், இரண்டும் ஓரத்தில் பாதியிலேயே வெட்டுப்படட்டும். எனக்கு அதுதான் பிடிக்கும். பி.டி.பி.க்காக 2000 முதல் மாதம் ஒரு மூலக்கூறு வரைந்தவர் டேவிட் குட்செல். அவருடைய செல் ஓவியங்களில் புரதங்கள் சட்டத்துக்கு வெளியேயும் போய்க்கொண்டே இருக்கும். தட்டையான நிறம், மெல்லிய வெளிக்கோடு, மினுமினுப்பு கிடையாது. நீர்வண்ணத்தில் கையால் வரைவார். தூரத்திலிருந்து பார்த்தாலும் வடிவம் பிரியும். வகுப்பறைக்கு ஏற்ற பாணி அதுதான்.

வேலந்தாவளம் டிசைன் | புதன் இரவு

வெட்டி வைப்பது என்றால் எனக்குச் சந்தோஷம், லேஅவுட் நன்றாக வரும். படம் இடப்பக்கம் பார்க்கிறது, எழுத்துக்கு இடம் வலப்பக்கம் வேண்டும் என்றால் கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டுக்கொள்கிறேன்.

புத்தூர்ப் புரதம் | புதன் இரவு

வேண்டாம் அண்ணா! தயவுசெய்து திருப்பாதீர்கள். பூவையும் மாடலையும் திருப்பலாம், மூலக்கூறைத் திருப்பக் கூடாது. வலஞ்சுழிச் சுருள் இடஞ்சுழியாகிவிடும், அமினோ அமிலமெல்லாம் ஹீமோகுளோபினில் இல்லாத கண்ணாடி வடிவத்துக்குப் போய்விடும். டி.என்.ஏ. படங்களில் இது எவ்வளவு நடந்திருக்கிறது தெரியுமா? பத்திரிகை அட்டை, விளம்பரம், மாநாட்டு முத்திரை என்று இடஞ்சுழி டி.என்.ஏ. உலகம் முழுக்கச் சுற்றுகிறது. பக்கம் மாற வேண்டுமென்றால் சொல்லுங்கள், மென்பொருளில் மூலக்கூறையே சுழற்றி வேறு கோணத்தில் எடுத்துத் தருகிறேன்.

வேலந்தாவளம் டிசைன் | வியாழன் காலை

ஓகே, கை வைக்க மாட்டேன். எனக்கு வேண்டியது 3508க்கு 4967 பிக்சல். அது ஏ1க்கு 150 டி.பி.ஐ., சுவரில் பார்க்கப் போதும். பின்னணி ஒளி ஊடுருவும் பி.என்.ஜி.யாகக் கொடுங்கள். பெயர்களைப் படத்திலேயே எழுதாதீர்கள், வேறு வேறாகத் தாருங்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | வியாழன் மாலை

மென்பொருளுக்குள்ளேயே தமிழில் பெயர் எழுதிப் பார்த்தேன். "கொ" என்று அடித்தால் கொம்பும் காலும் தனித்தனியாகப் போய் நிற்கின்றன. அதனால் டிசைன் அண்ணன் சொல்வதுதான் வழி. இங்க்ஸ்கேப்பில் எழுதினால் ஒழுங்காக வருகிறது, பள்ளிக் கணினியிலேயே இருக்கிறது. கடைசி பெஞ்சிலிருந்து படிக்க எழுத்து எவ்வளவு உயரம் வேண்டும்?

வேலந்தாவளம் டிசைன் | வியாழன் மாலை

தமிழ் எழுத்து இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதனால் பெயர்களைக் குறையுங்கள். ஏழெட்டு போதும்.

சித்தூர் ஓய்வு கெமிஸ்ட்ரி | வியாழன் இரவு

கணினிக்காரர்கள் ஜெயித்துவிட்டீர்கள், சரி. ஆனால் சுவருக்குக் கீழே ஒரு மேஜை இருக்கும் அல்லவா? பாசிமணி வாங்குங்கள். கம்பியில் 146 மணி கோத்து ஒரு பீட்டா சங்கிலி, பிள்ளைகள் கையாலேயே. ஆறாவது மணி மட்டும் வேறு நிறம். பக்கத்தில் இன்னொரு சங்கிலி, அதில் ஆறாவதும் மாறாமல். ஏஎஸ் என்று அட்டையில் இருக்கும் பெண்ணிடம் இரண்டையும் கைக்கொன்றாகக் கொடுங்கள். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. உங்கள் மேற்பரப்புப் படம் இதைச் சொல்லாது, தம்பி.

புத்தூர்ப் புரதம் | வியாழன் இரவு

சொல்லாதுதான், சார். ஒட்டிக்கொள்வதைப் படம் காட்டட்டும், எங்கிருந்து வந்தது என்பதை மணி காட்டட்டும். ஒரு திருத்தம் மட்டும்: கம்பி மெல்லியதாக இருந்தால் மடித்து உருட்டவும் செய்யலாம். பீட்டா சங்கிலியில் எட்டு சுருள், ஏ முதல் எச் வரை பெயர் வைத்திருக்கிறார்கள். ஆறாவது மணி உருண்டைக்கு வெளியே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அகளி லேப் | வெள்ளி காலை

டீச்சர், அச்சாகும் முன் பெயர்ப் பட்டியலை ஒரு தடவை எனக்கு அனுப்புங்கள். ஏஏ, ஏஎஸ், எஸ்எஸ் மூன்றையும் ஒரே வரிசையில், ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். எஸ்எஸ்ஸை மட்டும் சிவப்பில் எழுத வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | வெள்ளி இரவு

அப்படியே செய்கிறேன். ஏ1க்கு பி.டி.ஏ. ஒப்புக்கொண்டது, மிச்சப் பணத்தில் மணியும் வாங்கலாம். ராமச்சந்திரன் வரைபடத்தை ஏ4ல் அடித்துக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறேன், சார், உங்களுக்காக. படத்தை இப்போதே வாட்ஸப்பில் அனுப்பட்டுமா அண்ணா?

வேலந்தாவளம் டிசைன் | வெள்ளி இரவு

போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். தமிழ் எழுத்தை இங்க்ஸ்கேப்பிலேயே 'பாதை'யாக மாற்றிவிட்டு பி.டி.எஃப். எடுங்கள், இல்லையென்றால் என் மெஷினில் அந்த ஃபான்ட் இருக்காது. திங்கள் மதியம் வந்து ஒரு ஏ4 சாம்பிள் பார்த்துவிட்டுப் போங்கள், நிறம் சரி என்றால்தான் பெரியதை ஓட்டுவேன்.